19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பண்ணைக்காரரின் மனைவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பண்ணை வாழ்க்கைக் கதைகளை வாசிப்பவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், வரலாறு படிக்கும் மாணவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பேசப்படும் இடம் நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியும் ஒஹாயோ, இண்டியானா, இல்லினாய், அயோவா மாநிலங்களும். காலம் பெரும்பாலும் 1830 முதல் 1890 வரை. கூலியாட்கள் அதிகம் இல்லாமல் குடும்பமே உழுது வாழ்ந்த பண்ணைகளைப் பற்றித்தான் பேச்சு.

பண்ணைக்காரர் மனைவி என்றால் வீட்டு வேலைதானே? உற்பத்தி எல்லாம் ஆண்கள் செய்ததுதானே?

இல்லை. கோதுமை, மக்காச்சோளம், வைக்கோல், மாடு வாங்கி விற்பது ஆகியவை கணவர் பொறுப்பு. பால், வெண்ணெய், கோழி, முட்டை, காய்கறித் தோட்டம், சோப்பு, மெழுகுவத்தி, துணிமணி, இறைச்சியைப் பதப்படுத்துவது ஆகியவை மனைவி பொறுப்பு. இவற்றில் வெண்ணெயும் முட்டையும் விற்பனைக்குப் போனவை. கோதுமைப் பணம் ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும், அதுவும் பெரும்பாலும் நிலக்கடனுக்கும் கருவிகளுக்கும் போய்விடும். மளிகைக் கடைக் கணக்கை ஆண்டு முழுவதும் தீர்த்து வந்தது அவள் கை உழைப்பு.

அவளுடைய ஒரு வாரம் எப்படிப் போகும்?

திங்கள் துவைப்பு, செவ்வாய் இஸ்திரி, பிறகு தையலும் ஒட்டுப்போடுதலும், வெண்ணெய் கடைதல், வெள்ளி அல்லது சனி ரொட்டி சுடுதல் என்பது பரவலான ஒழுங்கு. வீட்டுக்கு வீடு சிறிது மாறும், ஆனால் திங்கட்கிழமைத் துவைப்பு மட்டும் எளிதில் மாறாது. மூன்று வேளைச் சமையலும், காலை மாலைப் பால் கறவையும், கோழிக்குத் தீனியும், விளக்குத் துடைப்பதும் தினமும் உண்டு.

இதன் மேல் பருவ வேலைகள் வந்து ஏறும். வசந்தத்தில் சோப்புக் காய்ச்சி, தோட்டம் போட்டு, குஞ்சு பொரிக்க வைப்பார்கள். கோடையில் அறுவடை ஆட்களுக்குச் சமையல். இலையுதிர் காலத்தில் ஆப்பிளை அரிந்து உலர்த்துவதும் பழங்களைப் பதப்படுத்துவதும். குளிர் இறுகியதும் பன்றி வெட்டு.

துணி துவைக்க ஒரு நாள் முழுக்கவா ஆகும்?

ஆகும், காரணம் தண்ணீர். ஒரு குடும்பத்தின் வாரத் துவைப்புக்கு ஏறக்குறைய 50 காலன், அதாவது 190 லிட்டர் தண்ணீர் வேண்டும். கிணற்றிலிருந்தோ ஊற்றிலிருந்தோ வாளி வாளியாகச் சுமந்து வந்து, விறகில் சூடாக்கி, கடைசியில் அழுக்குத் தண்ணீரை மறுபடி சுமந்து கொட்டவும் வேண்டும்.

வரிசை இது: துணிகளை நிறம், அழுக்கு பார்த்துப் பிரித்து முன்னிரவே ஊற வைப்பார்கள். காலையில் வெந்நீரில் சோப்புப் போட்டு வரிப்பலகையில் தேய்ப்பார்கள். வெள்ளைத் துணிகளைப் பெரிய அண்டாவில் கொதிக்க விட்டுக் கோலால் தூக்கிப் புரட்டுவார்கள். நல்ல தண்ணீரில் அலசி, நீலம் கலந்த தண்ணீரில் முக்கி, வேண்டியவற்றுக்குக் கஞ்சி போட்டுப் பிழிந்து உலர்த்துவார்கள். நீலம் கட்டி கட்டியாகக் கரைந்தால் துணியில் திட்டு விழும், அதனால் அதைத் துணியில் முடிந்து தண்ணீரில் அசைப்பார்கள். சோப்பு முழுதாகப் போகாமல் நீலத்தில் முக்கினால் துணி மஞ்சளிக்கும். கிணற்று நீர் கடினமாக இருந்தால் சோப்பு நுரைக்காது. கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்ததன் முக்கியக் காரணம் குடிநீர் அல்ல, இந்தத் துவைப்புதான்.

சோப்பை வீட்டில் எப்படிக் காய்ச்சினார்கள்? எதைக் கொண்டு?

சாம்பலும் கொழுப்பும்தான் மூலப்பொருள். குளிர்காலம் முழுக்க அடுப்புச் சாம்பலை ஈரம் படாமல் சேர்த்து வைப்பார்கள். ஹிக்கரி, ஓக் போன்ற வைர மரங்களின் சாம்பல்தான் உதவும். பைன் சாம்பலில் காரம் போதாது. அடியில் துளையுள்ள மரத்தொட்டியில் வைக்கோல் பரப்பி, மேலே சாம்பலை இறுக நிரப்பி, மழைநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார்கள். அடியில் பழுப்பாகச் சொட்டுவது காரநீர்.

காரம் போதுமா என்று பார்க்க முட்டைதான் அளவுகோல். முட்டை மிதந்து, அதன் மேற்பகுதி ஒரு நாணய அளவுக்கு வெளியே தெரிந்தால் சரி. மூழ்கினால் காரநீரைக் கொதிக்க வைத்துச் சுண்டச் செய்யவோ மறுபடி சாம்பல் வழியே விடவோ வேண்டும், ரொம்ப மேலே எழும்பினால் தண்ணீர் சேர்க்க வேண்டும். பிறகு வெளி முற்றத்தில் இரும்புக் கொப்பரையில் கொழுப்போடு சேர்த்து மணிக்கணக்கில் காய்ச்சுவார்கள். மரச்சாம்பலின் காரம் பொட்டாசியம் சார்ந்தது என்பதால் கிடைப்பது கட்டி அல்ல, பழுப்பு நிறக் கூழ். அதைப் பீப்பாயில் வைத்துச் சிரட்டையளவு மொண்டு பயன்படுத்துவார்கள். கட்டி சோப்பு வேண்டுமென்றால் கடைசியில் உப்புச் சேர்க்க வேண்டும். உப்புக்கு விலை உண்டு, ஆகவே பலரும் கூழோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சோப்பு சேராமல் போக முதல் காரணம் காரநீர் வலுக் குறைவு. இரண்டாவது, உப்புக்கண்டத்தில் வடிந்த கொழுப்பை அலசாமல் போடுவது. அதிலுள்ள உப்பு கூழைத் திரித்துவிடும். காரம் மிஞ்சினால் கைத்தோல் உரியும். காரநீர் தெறித்த இடத்தில் வினிகர் ஊற்றுவது அக்காலத்து வழக்கம். கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும், அதனால் சிறு பிள்ளைகளைக் கொப்பரைப் பக்கம் விடமாட்டார்கள்.

வெண்ணெய் எடுப்பது நம் வீட்டில் தயிர் கடைவது மாதிரிதானா?

நாம் பாலை உறையிட்டுத் தயிரைக் கடைகிறோம். அவர்கள் பாலாடையைத் தனியே எடுத்து அதை மட்டும் கடைந்தார்கள். கறந்த பாலை வடிகட்டி, அகலமான ஆழமில்லாத தட்டங்களில் ஊற்றி, குளிர்ந்த நிலவறையிலோ ஊற்றுநீர் ஓடும் கல்கொட்டிலிலோ 24 முதல் 36 மணி நேரம் அசையாமல் வைப்பார்கள். மேலே திரண்ட ஆடையைத் துளைக்கரண்டியால் வழித்து ஜாடியில் சேர்ப்பார்கள். சில நாள் ஆடை சேர்ந்து லேசாகப் புளித்ததும் கடைவார்கள்.

ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் வெண்ணெய்க்கு ஏறக்குறைய 10 லிட்டர் பால் வேண்டும். ஆடையின் சூடு 16 அல்லது 17 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் அரை மணி முதல் முக்கால் மணிக்குள் திரளும். கோதுமை மணி அளவுக்குத் துகள் திரண்டதும் நிறுத்தி, மோரை வடித்து, குளிர்ந்த நீரில் தெளியும்வரை அலசுவார்கள். பிறகு மரத்துடுப்பால் அழுத்தி நீரை வெளியேற்றி, பவுண்டுக்கு ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் உப்பு என்ற கணக்கில் பிசைவார்கள். கையால் பிசைந்தால் உடல் சூட்டில் இளகிவிடும், அதற்காகத்தான் துடுப்பு.

எவ்வளவு கடைந்தாலும் வெண்ணெய் திரளவில்லை, அல்லது சீக்கிரம் காறிப்போகிறது என்றால்?

திரளாமல் நுரைத்துக்கொண்டே போனால் ஆடை குளிர்ந்திருக்கிறது. கலத்தை வெதுவெதுப்பான நீரில் நிறுத்த வேண்டும். சூனியம் வைத்துவிட்டார்கள் என்று காய்ச்சிய இரும்பைக் கலத்துக்குள் போட்ட பழைய வழக்கம் சில நேரம் பலித்ததற்குக் காரணமும் இந்தச் சூடுதான். மாறாக, மிகச் சீக்கிரம் திரண்டு வெளிறி எண்ணெய்ப் பதத்தில் வந்தால் சூடு அதிகம்.

காறல் பெரும்பாலும் மோர் தங்கிவிட்டதால் வருவது. அலசல் குறைந்தால் ஒரு வாரத்தில் வாசம் மாறும். இன்னொன்று, வெண்ணெய் அக்கம்பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும். நிலவறையில் வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்த பாலில் எடுத்த வெண்ணெயை யாரும் வாங்கமாட்டார்கள். குளிர்காலத்தில் மாடு பச்சைப்புல் தின்னாததால் வெண்ணெய் வெளுத்துவிடும். அதை மறைக்கக் கேரட்டைத் துருவிப் பிழிந்த சாற்றை ஆடையில் சேர்த்தார்கள்.

'முட்டைக் காசு, வெண்ணெய்க் காசு' என்று கதைகளில் வருகிறதே, அது அவளுடைய சொந்தப் பணமா?

வழக்கத்தில் அவளுடையது, சட்டத்தில் கணவருடையது. கடைக்காரர் முட்டையையும் வெண்ணெயையும் எடுத்துக்கொண்டு கணக்கில் வரவு வைப்பார். அந்த வரவுக்கு ஈடாகக் காப்பி, சர்க்கரை, தேயிலை, சீட்டித்துணி, நூல், மண்ணெண்ணெய் வாங்கி வருவாள். கையில் காசு வருவது குறைவு. பல சிறு கடைகளில் நல்ல வெண்ணெய்க்கும் மட்டமானதற்கும் ஒரே விலை போட்டார்கள். நல்ல கைப்பக்குவம் உள்ளவர்கள் அதனால்தான் நகரத்தில் நேரடியாக வாங்கும் வீடுகளைத் தேடிப் பிடித்தார்கள்.

திருமணமான பெண்ணின் சம்பாத்தியம் கணவனுக்கே உரியது என்பது இங்கிலாந்திலிருந்து வந்த பொதுச்சட்டம். அதை மாநிலங்கள் ஒவ்வொன்றாகத்தான் தளர்த்தின. மிசிசிப்பி 1839-இலும் நியூயார்க் 1848-இலும் மனைவியின் சொத்துரிமையை ஓரளவு ஏற்றன. ஆனால் சொத்து வேறு, சம்பாத்தியம் வேறு. அவள் உழைத்துச் சம்பாதித்தது அவளுக்கே என்பதை நியூயார்க் 1860-இல்தான் ஏற்றது, இல்லினாய் 1869-இல். அதிலும்கூட, கணவனின் பண்ணையில் கணவனின் மாட்டிலிருந்து எடுத்த வெண்ணெய் யாருடையது என்பது எளிதில் தீரும் வழக்கல்ல.

பன்றி வெட்டும் நாளில் பெண்களுக்கு என்ன வேலை இருந்தது?

வெட்டித் தோல் சுரண்டித் தொங்கவிடுவதுவரை ஆண்கள். அதற்குப் பிறகு சில நாட்களுக்குப் பெண்கள்தான். நவம்பர் கடைசி, டிசம்பரில், உறைநிலையை ஒட்டிய குளிர் உறுதியானதும் நாள் குறிப்பார்கள். இடையில் சூடு ஏறினால், உள்ளே ஆறாத இறைச்சி எலும்பை ஒட்டிக் கெட்டுவிடும்.

குடலைக் கழுவிச் சுரண்டித் தொத்திறைச்சிக்குத் தயாராக்குவதும், தலையை வேகவைத்து எலும்பு நீக்குவதும், கொழுப்பு உருக்குவதும் அவள் வேலை. கொழுப்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அடிப்பிடிக்காமலிருக்கக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மெல்லிய தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். தீ கூடினால் பழுப்பேறிக் கசக்கும். நீர் முழுதும் வற்றாமல் ஜாடியில் ஊற்றினால் கோடைக்குள் புளிக்கும். சக்கைத் துண்டுகள் பொன்னிறமாகி, கொப்பரையின் சலசலப்பு அடங்கினால் பதம்.

தொடைக்கும் விலாவுக்கும் உப்புநீர். வழக்கமான அளவு 100 பவுண்டு இறைச்சிக்கு 8 பவுண்டு உப்பு, 2 பவுண்டு சர்க்கரை, 2 அவுன்ஸ் வெடியுப்பு, முங்கும் அளவு தண்ணீர். தொடை சுமார் 6 வாரம் ஊறிய பிறகு ஹிக்கரிப் புகையில் தொங்கும்.

ஃப்ரிட்ஜ் இல்லாமல் ஆறு மாதக் குளிரைக் காய்கறிக்கு என்ன செய்து கடந்தார்கள்?

உருளை, கேரட், டர்னிப் நிலவறையில். ஆப்பிளும் அங்கேதான், ஆனால் உருளையிலிருந்து தள்ளி, இல்லாவிட்டால் உருளை முளைவிட்டு வாடும். மக்காச்சோளத்தையும் பீன்ஸையும் உலர்த்தினார்கள். முட்டைக்கோஸை மெல்லியதாகச் சீவி, 10 கிலோவுக்கு 250 கிராம் உப்பு என்ற கணக்கில் ஜாடியில் இடித்து நிரப்பி, கல் பாரம் வைத்துப் புளிக்க விட்டார்கள். உப்பு குறைந்தால் குழைந்து அழுகும், கூடினால் புளிக்கவே புளிக்காது.

திருகுமூடிக் கண்ணாடி ஜாடிக்கு ஜான் மேசன் 1858-இல் காப்புரிமை பெற்றார். 1840-களில் நடக்கும் கதையில் அந்த ஜாடி வந்தால் பிழை. வந்த பிறகும் அது பழத்துக்கும் தக்காளிக்கும்தான் நம்பகம். புளிப்பில்லாத காய்களைக் கொதிநீரில் வைத்து மூடினால் கெடும், சில நேரம் நஞ்சாகும்.

வயலிலும் இறங்கி வேலை செய்தார்களா?

யார் என்பதைப் பொறுத்தது. ஜெர்மன், ஸ்காண்டிநேவியக் குடியேறிகளின் குடும்பங்களில் பெண்கள் வைக்கோல் அரிந்தார்கள், கதிர் கட்டினார்கள். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்து வழி வந்த குடும்பங்கள் அதைக் கௌரவக் குறைவாக நினைத்தன. ஆனாலும் புதிதாகக் குடியேறிய முதல் ஆண்டுகளிலும், கணவர் நோயில் விழுந்தபோதும், 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போரில் ஆண்கள் போய்விட்டபோதும் எந்தக் குடும்பமும் கௌரவம் பார்க்கவில்லை.

எத்தனை பிள்ளைகள் பெற்றார்கள்? எல்லோருக்கும் பத்துப் பன்னிரண்டா?

1800-இல் வெள்ளையினப் பெண்ணுக்குச் சராசரி 7 பிள்ளைகள், 1900-இல் 3.5 என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. நூற்றாண்டுக்குள் பாதியாகியிருக்கிறது. நிலம் மலிவான எல்லைப்புறத்தில் பிள்ளைகள் அதிகம், நிலம் நிரம்பிய கிழக்கில் குறைவு. தாய்ப்பால் நீண்ட நாள் கொடுத்ததால் பிறப்புகளுக்கிடையே இரண்டு ஆண்டுபோல் இடைவெளி விழுந்தது.

பெற்றதும் வளர்ந்ததும் வேறு வேறு. 1850-ஐ ஒட்டி, பிறந்த 1,000 குழந்தைகளில் 200-க்கு மேல் ஓராண்டுக்குள் இறந்தன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கோடை வயிற்றுப்போக்கு, தொண்டை அடைப்பான், செம்புள்ளிக் காய்ச்சல் ஆகியவை முக்கியக் காரணங்கள்.

பிரசவத்துக்கு மருத்துவர் வருவாரா?

வீட்டில்தான் பிரசவம். அண்டைப் பெண்கள் கூடுவார்கள், கைப்பழக்கமுள்ள ஒரு மூத்த பெண் முன்னின்று பார்ப்பாள். சிக்கலானால்தான் மருத்துவருக்கு ஆள் போகும், அவர் குதிரையில் வந்து சேர வேண்டும். பிள்ளைபேற்றுக் காய்ச்சலை மருத்துவரும் செவிலியுமே ஒரு தாயிடமிருந்து மற்றொரு தாய்க்குக் கொண்டுபோகிறார்கள் என்று பாஸ்டனில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற மருத்துவர் 1843-இலேயே எழுதினார், மருத்துவத் தொழில் அதை ஏற்க நெடுங்காலம் பிடித்தது. அந்தக் கோணத்தில் பார்த்தால், நகர மருத்துவமனையைவிடப் பண்ணை வீடு பாதுகாப்பானது.

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மேலே சொன்ன வேலையெல்லாம் எப்படி முடியும்?

மூத்த பெண் பிள்ளைதான் பதில். பத்து வயதுப் பெண் தம்பி தங்கையை முழுதாகப் பார்த்துக்கொள்வாள். ஐந்தாறு வயதில் முட்டை பொறுக்குவதும் சிராய் சேர்ப்பதும் தொடங்கிவிடும். மூத்த பிள்ளைகள் தலையெடுக்காத முதல் பத்தாண்டுகள்தான் தாய்க்கு மிகக் கொடியவை. வசதிப்பட்டவர்கள் அண்டை வீட்டுப் பெண்ணைச் சில மாதம் கூலிக்கு வைத்துக்கொண்டார்கள்.

அழும் குழந்தைக்கு மருந்துப் போத்தலும் இருந்தது. 1849 முதல் விற்ற மிசஸ் வின்ஸ்லோ சூதிங் சிரப்பில் மார்பீன் இருந்தது. போத்தலில் அதைக் குறிப்பிடவேண்டிய கட்டாயம் 1906-இன் உணவு மருந்துச் சட்டத்தோடுதான் வந்தது. அதுவரை வாங்கியவர்களை அறியாமை என்று இகழ்வது நியாயமல்ல.

'பால் நோய்' என்று ஒன்றில் ஆபிரகாம் லிங்கனின் தாய் இறந்ததாகப் படித்தேன். அது என்ன?

நான்சி லிங்கன் 1818 அக்டோபரில் இண்டியானாவில் இறந்தார். காட்டு ஓரத்தில் நிழலில் வளரும் வெள்ளைப் பூச்செடி ஒன்றை மேய்ந்த மாட்டின் பாலில் நஞ்சு இறங்கும். குடித்தவர்களுக்கு நடுக்கம், வாந்தி, மயக்கம், சாவு. கோடைக் கடைசியில் புல் காய்ந்து மாடு காட்டுக்குள் நுழையும்போது இது வரும். செடியின் நஞ்சு 1920-களில்தான் ஆய்வுக்கூடத்தில் தெளிவானது. அதற்கு முன்பே, காட்டை அழித்து மேய்ச்சலுக்கு வேலி போட்ட இடங்களில் நோய் அடங்கிவிட்டது.

இயந்திரங்கள் வந்ததும் அவளுக்கு வேலை குறைந்திருக்க வேண்டுமே?

சில குறைந்தன. ஆலைத்துணி வந்ததும், இந்தப் பகுதிகளில் 1830, 40-களுக்குள் நூற்பும் நெசவும் வீட்டை விட்டுப் போயின. ஆணின் சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி நேரம், தையல் இயந்திரத்தில் ஒன்றேகால் மணி நேரம் என்று 1860-களை ஒட்டிய ஒப்பீடு ஒன்று சொல்கிறது. 1851-இல் நியூயார்க்கின் ஒனைடா பகுதியில் ஜெஸ்ஸி வில்லியம்ஸ் பாலாடைக்கட்டித் தொழிற்கூடம் தொடங்கினார். அதுபோன்றவை பெருகி, வீட்டுப் பாலாடைக்கட்டி வேலையை வாங்கிக்கொண்டன.

சில கூடின. இரும்பு அடுப்பு வந்ததும் ஒரு சட்டிச் சாப்பாடு போய் நான்கு வகைச் சமையல் எதிர்பார்ப்பானது, அடுப்புக்குக் கரி பூசித் துலக்கும் வேலையும் சேர்ந்தது. சட்டை சீக்கிரம் தைக்க முடிந்ததும் ஆளுக்கு இரண்டு சட்டை நான்கானது, திங்கட்கிழமைத் துவைப்பும் பெருத்தது. கதிரடிக்கும் இயந்திரத்தோடு ஒரு டஜனுக்கு மேல் ஆட்கள் வந்து இறங்குவார்கள், அவர்களுக்கு மூன்று வேளையும் சமைப்பது அவள். வயலுக்கு இயந்திரம் வாங்கிய பல வீடுகளில் சமையலறைக்குள் தண்ணீர்க் குழாய் வரவில்லை. பணம் வரும் இடத்துக்குத்தான் முதலில் இயந்திரம் வந்தது.

பண்ணை மனைவிகள் பலர் தனிமையில் பைத்தியமானார்கள் என்பது உண்மையா?

1862-இல் தொடங்கிய வேளாண் துறையின் முதல் அறிக்கையிலேயே டாக்டர் டபிள்யூ. டபிள்யூ. ஹால் என்பவர் பண்ணைக் குடும்பங்களின் உடல்நலம் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தப் பேச்சு வருகிறது. மனநல விடுதிகளில் பண்ணை மனைவிகள் நிறைய என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நாட்டில் பெரும்பாலோர் பண்ணையில் வாழ்ந்த காலம் அது. ஆனால் புல்வெளி மாநிலங்களின் தனிமை உண்மை. 1867-இல் தொடங்கிய கிரேஞ்ச் என்ற உழவர் சங்கம் பெண்களை முழு உறுப்பினராகச் சேர்த்தது. அந்தக் கூட்ட நாட்களுக்கு இருந்த வரவேற்புக்குத் தனிமையும் ஒரு காரணம்.

தெற்கு மாநிலங்களிலும் இப்படித்தானா?

சிறு பண்ணைகளில் பெருமளவு இப்படித்தான். பெருந்தோட்டங்களில் 1865 வரை இந்த வேலைகளையெல்லாம் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்கள் செய்தார்கள், வயல் வேலையும் சேர்த்து. அவர்களைப் 'பண்ணை மனைவி' என்ற தலைப்புக்குள் அடக்குவது தவறு.

அவள் பெயரில் நிலம் இருந்திருக்குமா?

1862-இன் குடியேற்ற நிலச் சட்டத்தில் 21 வயதான தனிப்பெண்ணும் விதவையும் 160 ஏக்கருக்கு விண்ணப்பிக்கலாம். கணவனோடு வாழும் மனைவி பொதுவாகத் தன் பெயரில் விண்ணப்பிக்க முடியாது, குடும்பத் தலைவர் கணவரே என்பதால். கணவர் இறந்தால், பழைய பொதுச்சட்டப்படி, அவருடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மட்டும் அவளுக்கு. விற்கவோ உயில் எழுதவோ முடியாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'தொழில்' இடம் காலியாக இருக்கிறது. அப்படியானால் ஒரு குறிப்பிட்ட பெண்ணின் உழைப்பை எங்கே தேடுவது?

1850-க்கு முன் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே, அதனால் மனைவியின் பெயரே கிடைக்காது. 1850-இல் பெயர் வந்தது, ஆனால் தொழிலை 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களிடம் மட்டும் கேட்டார்கள். 1870-இல் சொந்த வீட்டைப் பார்க்கும் பெண்ணுக்கு 'வீடு பராமரிக்கிறாள்' என்று எழுதச் சொன்னார்கள்.

அதே 1850-இன் வேளாண் அட்டவணையைத் திறந்து பாருங்கள். பண்ணை வாரியாக எத்தனை பவுண்டு வெண்ணெய், எத்தனை பவுண்டு பாலாடைக்கட்டி, வீட்டில் செய்த பொருட்களின் மதிப்பு எவ்வளவு என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். கணவர் பெயரில் பதிவான அந்த வெண்ணெய் யார் கையால் வந்தது என்பதற்கு மேலேயுள்ள பதில்களே போதும். 1880 அட்டவணையில் கோழியும் முட்டையும் சேர்ந்தன. ஆண்டு விளைச்சல் 100 டாலருக்குக் குறைந்த பண்ணைகளை 1850-இல் சேர்க்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து நிலப் பத்திரங்கள். கணவர் நிலத்தை விற்றால், முன் கேள்வியில் சொன்ன மூன்றில் ஒரு பங்கு உரிமையை விட்டுக்கொடுப்பதாக மனைவியும் ஒப்பமிட வேண்டும். பல மாநிலங்களில் அதிகாரி அவளைத் தனியே விசாரித்து, கட்டாயமின்றிச் சம்மதித்தாளா என்று குறித்துக்கொள்வார். கையெழுத்தா, வெறும் குறியா என்பதில் அவள் எழுதத் தெரிந்தவளா என்பதும் தெரியவரும். கணவர் இறந்த பின் எடுத்த உடைமைப் பட்டியலில் கடைகலம், பால்தட்டம், சோப்புக் கொப்பரை எண்ணிக்கையோடு இருக்கும். 1900, 1910 கணக்கெடுப்புகளில் எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை உயிரோடு என்ற இரண்டு கேள்விகள் உண்டு. 1860-களில் பெற்ற பாட்டிமார்கள்கூட அதற்குப் பதில் சொல்லியிருப்பார்கள். இடைப்பட்ட 1890 தாள்களைத் தேட வேண்டாம், 1921 தீ விபத்துக்குப் பின் அவற்றில் மிகச் சிறு பகுதியே மிஞ்சியது.